டபுள் பாஸ் தாளில் இருக்கும் ஒட்டு

போன வாரம் சிவரூபன் போன் செய்தார். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா நூலகர் வேலை. பெயரைக் கேட்டுவிட்டுப் புத்தகம் இரவல் கொடுக்கிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. என் மாமனார் கடைசிவரை ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் வாசிக்கிற ஒவ்வொருவர் முன்னாலும் சரியான தாள், சரியான குறிகளோடு, சரியான வரிசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிற வேலை அது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று பொருள்.

"அண்ணை, அந்த இத்தாலிக்காரன்ர புல்லாங்குழல் கொன்செர்ட்டோ இருக்கெல்லே, அதைத் திருப்பி வாசிக்கப் போகினம். தாள் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி டேப்லெட்டில ஏத்துறன். டபுள் பாஸ் தாளில மட்டும் ஒரு ஒட்டுக் கிடக்கு. கழட்டட்டோ, விடட்டோ?"

"தொடாதீங்க."

"ஏன் அண்ணை?"

"எழுதி அனுப்பறேன்."

"ஓம், இல்லை எண்டு சொன்னாக் காணும். எழுதிற அளவுக்கு அதில என்ன கிடக்கு?"

நிறையக் கிடக்கிறது. தமிழ்ச் சங்க மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி ஒருவர் ரொம்ப நாளாக விரட்டிக்கொண்டிருக்கிறார். சிவரூபனுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே அவருக்கும் கொடுத்துவிடுகிறேன். ஓய்வு பெற்றவன் என்றதும் வெள்ளைத் தாடியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்தாறு வயதுதான். பெட்டி பெட்டியாகத் தாள் தூக்கியதில் முதுகு முதலில் ஓய்வு பெற்றது. அதைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே வந்துவிட்டேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில், ஒவ்வொரு வயலின்காரருக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பதற்றம்தான் என் தாய்மொழி, தமிழ் இரண்டாவது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் அந்த வேலையைக் காப்பி இல்லாமலேயே செய்யத் தொடங்கியது. படிப்பு விசாவில் ஆக்லாந்துக்கு வந்தேன். பாபகூராவில் வாடகை வீடு, பெட்ரோல் பங்கில் வேலை. ஒரு நாள் எல்லர்ஸ்லி ஆபீஸ் கட்டடம் ஒன்றின் பின்பக்கம் இருந்த இந்த நூலகத்துக்கு உதவி ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஒரு வருட ஒப்பந்தம், அதோடு வேலை விசா. அந்த மாதிரி விசாவில் முதலாளியின் பெயரையும் அச்சடித்திருப்பார்கள். முதலாளி வேண்டாம் என்றால் நாடும் வேண்டாம் என்று சொல்லிவிடும். நான், மனைவி வசந்தா, அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள் நிலா, மூன்று பேரும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

என் மேலதிகாரி ஹெலன். உயரமானவர், மெல்லிய குரல், மூக்கின் நுனியில் கண்ணாடி. அவரிடம் வேலை பார்க்க முதலில் அவருடைய பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும். "பரவாயில்லை" என்றால் பிரமாதம் என்று பொருள். "சுவாரசியமா இருக்கே" என்றால் தப்பு. "நாட் ஐடியல்" என்று சொல்லிவிட்டார் என்றால் கட்டடம் தீப்பிடித்து எரிகிறது, எல்லாரும் வெளியே ஓடலாம். குரல் மூன்றுக்கும் ஒரே உயரத்தில்தான் இருக்கும். அவர் தந்த முதல் பாடம் பென்சில். மென்மையான பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும், அழுத்தக் கூடாது. முதல் வயலின்காரர் வில்லை எங்கே மேலே தள்ளுகிறார், எங்கே கீழே இழுக்கிறார் என்று அவருடைய தாளைப் பார்த்து மற்ற எல்லாத் தாளிலும் குறிக்க வேண்டும். ஒரு குறி விட்டுப்போனால், எல்லா வில்லும் கீழே இறங்கும்போது ஒரு வில் மட்டும் மேலே போகும். கடைசி வரிசையில் தூங்குகிறவருக்குக்கூட அது தெரிந்துவிடும்.

"அடுத்து வர்றவரால அழிக்க முடியாத எதையும் எழுதாதீங்க, சந்துரு" என்பார் ஹெலன். இருபது வருடம் அவரோடு வேலை பார்த்தாலும் அதற்கு மேல் ஒரு தத்துவத்தை எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில் இத்தாலிக்காரரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் தொமாசோ. பிரபுக்கள் காலத்து ஆள், நேபிள்ஸ் பக்கம் பிறந்தவர். வடக்கே பனி கொட்டுகிற ஒரு குட்டிச் சமஸ்தானத்தில் ஆஸ்தான இசையமைப்பாளர். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர். பிரபுவின் பிறந்தநாளுக்கு ஒரு புதுப் பாட்டு, வேட்டைக்குப் போனால் ஒன்று, வேட்டை நாய் செத்துப்போனால் ஒன்று. சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குத் தலைமைச் சமையல்காரருக்குக் கீழே, தோட்டக்காரருக்கு மேலே இடம். ஊருக்குப் போய்வர விடுப்புக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். பிறந்தநாள் முடியட்டும் பார்க்கலாம் என்று பிரபுவும் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். வருடத்துக்கு ஒரு பிறந்தநாள் வராமல் இருக்குமா? தொமாசோ அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே செத்தார். அவர் இத்தாலிய மொழியில் கேட்டால் பிள்ளைகள் அந்த ஊர் பாஷையில் பதில் சொல்லுமாம். அவருடைய இசைத்தாள் பதிப்பின் முன்னுரையில் இதையெல்லாம் படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரில் நிலா உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "யெப், ஆல்ரெடி" என்றாள்.

அந்தப் பிரபுவுக்குப் புல்லாங்குழல் வாசிக்கிற ஆசை உண்டு. திறமைதான் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. அவர் வாசிப்பதற்கென்றே தொமாசோ எழுதியதுதான் இந்த கொன்செர்ட்டோ. தனி வாத்தியம் முன்னால் நிற்க, மற்ற எல்லாரும் பின்னால் துணை போகிற உருப்படி.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு பிரபு இருந்தார். கிரெய்க். கராஜ் கதவு வியாபாரி; ஆக்லாந்தில் பாதிக் கார்கள் அவருடைய கதவுக்குப் பின்னால்தான் தூங்குகின்றன. தங்கமான மனிதர், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர் தருகிற நன்கொடையில்தான் என் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கச்சேரி முடிந்ததும் அடுத்த நன்கொடையைப் பற்றிப் பேசுவார். அதன் பிறகுதான் என் ஒப்பந்தம் நீளுமா நிற்குமா என்று தெரியும். அவரும் புல்லாங்குழல் வாசிப்பார். ஆர்கெஸ்ட்ராவோடு மேடையில் ஒரு தரம் வாசித்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கென்று தேடிப் பிடித்ததுதான் தொமாசோவின் கொன்செர்ட்டோ.

"ஒரு கோடீஸ்வரருக்காக எழுதினத இன்னொரு கோடீஸ்வரர் வாசிக்கறார். இதுல உங்களுக்கு என்ன கவலை?" என்றாள் வசந்தா.

"அவர் நல்லா வாசிச்சாத்தான் நாம இங்க இருப்போம்."

"அவர் நல்லா வாசிப்பாரா?"

நான் தட்டைக் கழுவினேன். அது வசந்தாவின் முறை. அவள் புரிந்துகொண்டாள்.

முன்னால் நின்று கையசைத்து ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர் ரூபர்ட், லண்டனிலிருந்து வந்தவர். ஒத்திகைக்கு முன்பே, எல்லா வாத்தியத்துக்கும் உரியதை ஒன்றாக எழுதியிருக்கும் ஸ்கோரைப் புரட்டிப் பார்த்தார். இரண்டாவது பகுதியில் ஓரிடத்தில் புல்லாங்குழல் ஓய்ந்திருக்கும். வயலின்கள் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்கும், மாற்றமே இல்லாமல் அதே துணுக்கு. அதன் பிறகு புல்லாங்குழல் உள்ளே வரும். அதோடு, வயலின் ஆளுயரத்துக்கு வளர்ந்த மாதிரி இருக்கிற டபுள் பாஸும் ஒரு பெரிய அடி சுரத்தோடு வரும்.

"சரக்கு தீர்ந்துபோய் இடத்தை நிரப்பியிருக்கார்" என்றார் ரூபர்ட். "ஒரு தரம் போதும். மீதியை வெட்டிடுங்க."

வெட்டுவது என்றால் கத்தரிக்கோல் இல்லை. வெள்ளைத் தாளைப் பட்டையாக நறுக்கி, வேண்டாத வரிகளின்மேல் வைத்து, உரித்தால் தாளைக் கிழிக்காமல் வந்துவிடுகிற டேப்பால் இரண்டு ஓரத்திலும் ஒட்டுவது. ஓரம் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கம் புரட்டுகிற விரலில் மாட்டும். ஒட்டின்மேல் பென்சிலால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி. நான் ஒவ்வொரு தாளிலும் ஒட்டினேன். ஹெலன் விளக்குக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அன்று சாயங்காலம் பாபகூரா ரயிலில் நான் தரையைத் தொடாமல்தான் போனேன்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று முற்பகலில் கடைசி ஒத்திகை. முதல் பகுதி எப்படியோ கடந்தது. இரண்டாவது பகுதியில் அந்த வெட்டு வந்தது. வயலின்கள் துணுக்கை ஒரு தரம் மீட்டின. அடுத்த நொடி கிரெய்க் நுழைந்திருக்க வேண்டும். அவர் அப்போதுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நுழைந்தார், ஆனால் ரயில் கிளம்பிய பிறகு பிளாட்பாரத்தில் ஓடுகிறவர் மாதிரி. எல்லாரும் நின்றார்கள். மறுபடியும் தொடங்கினார்கள், மறுபடியும் அதே இடம். மூன்றாவது தரம் புல்லாங்குழலை இறக்கிவிட்டார். சட்டைக் காலருக்கு மேலே கழுத்து சிவந்துபோயிருந்தது.

"மன்னிக்கணும் எல்லாரும்" என்றார். "நான் ஒண்ணு பண்றேன், முதல் பகுதியோட நிறுத்திக்கறேன். அதுதான் உங்களுக்கும் நல்லது."

வேறு யாராவது இருந்தால் கோபித்திருப்பார்கள். இவர் மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேடையை விட்டு வெட்கப்பட்டு இறங்குகிறவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார். அவர் வராவிட்டால் என் விசாவும் வராது. நான் மனசுக்குள் சாமான் கட்ட ஆரம்பித்தேன். ரைஸ் குக்கரை யாருக்குக் கொடுப்பது என்கிற வரைக்கும் போய்விட்டேன்.

ரூபர்ட் டீக்கு விட்டார். டபுள் பாஸ் வாசிக்கிற ராஜு என்னிடம் வந்து, டீக்குப் பிறகு வாசிக்கிற உருப்படியில் தனக்கு வேலையில்லை, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எங்களிடம் டபுள் பாஸ் அவர் ஒருவர்தான். ஃபிஜிக்காரர். கொள்ளுத் தாத்தா நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். வழிவழியாக வந்ததில் ராஜுவிடம் மிஞ்சியிருந்த தமிழ் நான்கு சொல்: வா, போ, சோறு, போதும். மற்ற நேரத்தில் அவர் கட்டட வேலைக்காரர். வீட்டுக்குப் பின்புறம் பலகைத் திண்ணை, இங்கே டெக் என்பார்கள், அதைப் போடுவார். பாஸை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். தாள் இருந்த ஃபோல்டரும் கூடவே போனது. அதை நான் பார்க்கவில்லை, ரைஸ் குக்கரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீ குடிக்கிற இடத்தில் கிரெய்க் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹெலனிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல எல்லாரும் எனக்காகக் கொஞ்சம் நின்னா நல்லா இருக்கும். ஆனா சங்கீதம் நிக்காதே."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிரபுவுக்கும் தாளம் எண்ண வராது போல" என்றார் ரூபர்ட்டைப் பார்த்து.

ரூபர்ட் வாயில் இருந்த டீயை விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தொமாசோ இடத்தை நிரப்பவில்லை. காத்திருந்திருக்கிறார். பிரபு தயாராகிற வரைக்கும் வயலின்கள் சுற்றிச் சுற்றி வரும். பிரபு எப்போது குழலைத் தூக்கினாலும் அதுதான் சரியான நேரம். பிரபு தப்புச் செய்ய வழியே இல்லாமல் ஒருவர் கட்டியிருந்த பாதையை, நாங்கள் டேப் போட்டு அடைத்திருந்தோம்.

"ஒட்டை எல்லாம் எடுத்துடுங்க, சந்துரு" என்றார் ஹெலன். "சுத்திக்கிட்டே இருக்கணும்னு வாசிக்கிற எல்லாருக்கும் சொல்லிடுங்க." ரூபர்ட் கிரெய்க்கின் தோளைத் தட்டி, "நாங்க பாத்துக்கறோம், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் போய் ஒட்டுகளை உரித்தேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடைசியில் டபுள் பாஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஸ்டாண்ட் இருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன். ரம்பம் ஓடுகிறபோது யார் மெசேஜ் பார்ப்பார்கள்? அவர் மனைவியைப் பிடித்தேன். "பக்குரங்காவில ஒரு டெக். பிளாசாவுக்குப் பின்னாடி எங்கேயோ" என்றார்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் அரங்கிலேயே காத்திருப்பான். நான் காரை எடுத்துக்கொண்டு புறநகரில் இருக்கிற பக்குரங்கா போனேன். ரம்பச் சத்தம் வருகிற வீடாகப் பார்த்துப் போனால் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் திட்டம். சனிக்கிழமை மதியம் பக்குரங்காவில் ரம்பச் சத்தம் வராத வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரம்பம் இல்லாத இடத்தில் புல் வெட்டுகிற மெஷின். வேலி வேலியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாள், குழாயைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"யாரைத் தேடறீங்க?"

"டபுள் பாஸ் வாசிக்கிறவரை."

அவர் யோசித்தார். "இங்க நாய் மட்டும்தான் இருக்கு, டார்லிங்."

அந்த நேரம் பார்த்து வசந்தாவின் போன்.

"என்னங்க மூச்சு வாங்குது? ஓடறீங்களா?"

"வேலியெல்லாம் எட்டிப் பாத்துட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"விசாவுக்கு."

"போலீஸ் கேட்டா அந்த இத்தாலிக்காரர் பேரச் சொல்லுங்க. என் பேரச் சொல்லிடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது அரங்கில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ராஜு வந்தார், எல்லாருக்கும் கடைசியாக, தலைமுடியில் மரத்தூளோடு. மேடைக்குப் போகிற வரிசை அதற்குள் நகரத் தொடங்கியிருந்தது. நான் பாஸுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, "ராஜு, ரெண்டாவது பகுதியில..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம், பிரதர், அப்புறம். நோ வொர்ரீஸ்." என் தோளைத் தட்டிவிட்டு வெளிச்சத்துக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கைதட்டல்.

முதல் பகுதி முழுவதும் நான் மேடைக்குப் பக்கத்து இருட்டில் நின்று திட்டம் போட்டேன். தண்ணீர் தம்ளர் கொண்டுபோகிறவன் மாதிரி உள்ளே போய், குனிந்து, ஒட்டை உரித்துவிட்டு வந்தால் என்ன? தம்ளரைத் தேடினேன், கிடைக்கவில்லை. சுவரில் தீ எச்சரிக்கைப் பொத்தான் இருந்தது, சிவப்பாக, கைக்கெட்டுகிற தூரத்தில், பார்க்கப் பார்க்க அழகாக. என் கை தானாகவே கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

"நானா இருந்தா அதைச் செய்யமாட்டேன்" என்றார் இருட்டுக்குள்ளிருந்து ஹெலன். அவர் அங்கே நின்றுகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

"ராஜுகிட்ட சொல்லல. அவர் தாள்ல ஒட்டு அப்படியே இருக்கு."

ஹெலன் மேடையைப் பார்த்தார். "நாட் ஐடியல்" என்றார்.

இரண்டாவது பகுதி தொடங்கியது. கிரெய்க் அழகாகவே வாசித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். புல்லாங்குழல் ஓய்ந்தது. வயலின்கள் துணுக்கை மீட்டத் தொடங்கின. ஒரு சுற்று. ராஜுவின் தாளின்படி இப்போது அவருடைய பெரிய சுரம் வர வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தேன். வில்லைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மற்றவர்களைப் பார்த்தார், பிறகு மறுபடியும் தாளை. இரண்டாவது சுற்று. மூன்றாவது. அரங்கில் ஒருவர் இருமினார். ரூபர்ட், கிரெய்க் குழலைத் தூக்குவதற்காகக் காத்திருந்தார். கிரெய்க், "நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்ன ரூபர்ட் சைகை காட்டுவார் என்று காத்திருந்தார். இவர் அவரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். அவர் இவரைப் பார்த்து அதைவிட மரியாதையாகப் புன்னகைத்தார். கதவருகே நின்று நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று உபசரித்துக்கொள்கிற இரண்டு பேர். நடுவில் பாவப்பட்ட வயலின்கள், சுற்றிச் சுற்றிச் சுற்றி.

சைகையை யார் காட்டுவது என்று யாருமே பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சமஸ்தானத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியவில்லை. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்த நாட்டில் என் மிச்ச வாழ்க்கை இந்தத் துணுக்குக்குள்ளேயே முடிந்துவிடும் என்று தோன்றியது. ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. துணுக்கு முடியாதவரை கச்சேரி முடியாது. கச்சேரி முடியாதவரை ஒப்பந்தமும் முடியாது.

அப்போதுதான் ராஜு வில்லை இறக்கினார். ஒரே சுரம், ஆழமான, அகலமான சுரம். மேடைப் பலகை வழியாக வந்து என் செருப்புக்குள் அதிர்ந்தது. வயலின்கள் ஒன்றுபோல அடுத்த வரிக்குத் தாவின. ரூபர்ட்டின் கை தன்னால் எழுந்தது. கிரெய்க் திடுக்கிட்டார், திடுக்கிட்ட மூச்சு அப்படியே குழலுக்குள் போனது. அதைவிடச் சரியான நுழைவை அவருக்குப் பிறகு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

கச்சேரி முடிந்து கிரெய்க் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "எனக்காக எல்லாரும் காத்திருந்தீங்க. என் வாழ்க்கையில யாரும் எனக்காக இவ்வளவு நேரம் காத்திருந்ததில்ல" என்றார். ரூபர்ட் தலையை ஆட்டி, மௌனத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டதால் முழுவதும் கேட்கவில்லை.

ராஜுவைக் கடைசியில் வேனுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாஸை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த சுரத்த எப்படிய்யா வாசிச்ச?"

"பாவமா இருந்தது, பிரதர்" என்றார். "எல்லாரும் இடத்தைத் தொலைச்சிட்டாங்க. ரூபர்ட்டும்தான். நான் ஒருத்தன்தான் சரியான இடத்துல இருக்கேன், என் தாள்ல தெளிவா போட்டிருக்கு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தேன்." வேன் கதவைச் சாத்தினார். பிறகு, தன் தமிழ்ச் செல்வத்தின் கால் பங்கை எடுத்துச் செலவழித்தார். "போதும்."

காத்திருக்க வேண்டும் என்று தெரிந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மேடையில் ஒரு பிரபு இருக்கிறார் என்று தெரியாத ஒருவர்தான் வேலையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் தாள்களை அடுக்கி உள்ளே வைக்கும்போது, ஹெலன் டபுள் பாஸ் தாளில் அந்த ஒட்டைப் பார்த்தார். நகத்தால் ஒரு மூலையை லேசாகத் தூக்கினார். தூக்கியவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கட்டை விரலால் மூலையை மறுபடியும் அழுத்தி ஒட்டிவிட்டு, தாளை உறைக்குள் போட்டார். அதே கையோடு மேஜை டிராயரிலிருந்து என் ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தரம் அதில் முடிகிற தேதி இல்லை. நான் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். "சுவாரசியமா இருக்கே" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்வரலாம் என்று விடுப்புக் கேட்டேன். அடுத்த கச்சேரி முடியட்டுமே என்றார். ரயிலில் போகும்போதுதான் தொமாசோவின் ஞாபகம் வந்தது.

ஆகவே, சிவரூபன், உங்களுக்கு என் பதில். கிரெய்க் இந்தத் தரமும் வாசிக்கப் போகிறார் என்று சொன்னீர்கள். எழுபதைத் தாண்டிவிட்டார், தாளம் எண்ணுவது இன்னும் வரவில்லை என்று கேள்வி. கண்டக்டர் புதியவர், இன்னும் மரியாதையானவர். டேப்லெட்டில் எல்லாருக்கும் எல்லாமே ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் திருந்திவிடும் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. எல்லாருக்கும் காத்திருக்கச் சொல்லித் திருத்திக் கொடுங்கள். ராஜுவுக்கு மட்டும் ஒட்டோடு ஸ்கேன் செய்யுங்கள். அவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

இதைப் போனிலும் சொல்லிவிட்டேன்.

"பிழையை வேணுமெண்டு விடச் சொல்றியளோ அண்ணை?"

"ஆமா."

"ராஜு அண்ணைக்கு இப்ப விஷயம் தெரியும்தானே? அண்டைக்கே நீங்கள் சொல்லியிருப்பியளே."

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். இத்தனை வருடத்தில், அன்று என்ன நடந்தது என்று ராஜுவிடம் நான் சொல்லியிருக்கிறேனா? வேன் கதவு சாத்தியது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியது ஞாபகம் இல்லை. அவர் இன்னும் ரூபர்ட்டுக்காகப் பாவப்பட்டுக்கொண்டுதான் இருப்பார்.

"இல்ல" என்றேன். "சொல்லல. இனியும் சொல்லப்போறதில்ல."

மலரில் இந்தக் கட்டுரை வந்தாலும் ஆபத்தில்லை. ராஜுவால் இதில் நான்கு சொல்லுக்கு மேல் புரிந்துகொள்ள முடியாது.